ஐந்தில் மூன்று பங்கு: அமெரிக்காவில் அடிமைகள் எண்ணப்பட்டது யாருக்காக?

'அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் கறுப்பரை முழு மனிதராகக்கூட ஏற்கவில்லை, ஐந்தில் மூன்று பங்கு மனிதராகத்தான் மதித்தது.' நிறவெறி பற்றிப் பேசும் மேடைகளிலும் வாட்ஸ்அப் பதிவுகளிலும் இந்த வாசகத்தை நாம் அடிக்கடி கேட்கிறோம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளும் கட்டுரைப் போட்டிகளில் இதை அப்படியே எழுதி விடுகிறார்கள்.

3/5 என்ற பின்னம் அந்தச் சட்டத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த வாசகத்தைக் கேட்கிறவர் மனதில் உடனே என்ன தோன்றுகிறது? 'அடிமைகளை முழுதாக எண்ணியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்' என்றுதானே? அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று அன்று வாதாடியவர்கள், அந்த அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்த தென்பகுதி எஜமானர்கள். எண்ணவே கூடாது என்று வாதாடியவர்களிடையேதான் அடிமை முறையை வெளிப்படையாகக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். இது எப்படி என்று விளங்கிக் கொண்டால், அமெரிக்காவின் முதல் எழுபது ஆண்டு அரசியலில் பாதி விளங்கிவிடும்.

கேள்வி எப்படி எழுந்தது?

பிரிட்டனிடமிருந்து விடுபட்ட 13 மாநிலங்களும் தொடக்கத்தில் ஒரு தளர்வான கூட்டமைப்பாகவே இருந்தன. மாநிலம் பெரியதோ சிறியதோ, காங்கிரஸில் ஆளுக்கு ஒரு வாக்கு. அந்த ஏற்பாடு சரிவராமல் போகவே, 1787 மே மாதம் பிலடெல்ஃபியா நகரில் ஒரு மாநாடு கூடியது. ரோட் ஐலண்ட் யாரையும் அனுப்பவில்லை. மற்ற 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். கதவை மூடிக்கொண்டு செப்டம்பர் 17 வரை பேசி, இன்றுவரை நடைமுறையில் உள்ள அரசியலமைப்புச் சட்டத்தை எழுதினார்கள்.

புதிய காங்கிரஸில் இரண்டு சபைகள் என்று முடிவாயிற்று. செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். இதில்தான் சிக்கல் வந்தது. மக்கள்தொகை என்றால் யாரை எண்ணுவது? 1790ல் நடந்த முதல் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 39 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். வர்ஜீனியாவிலும் தென் கரோலினாவிலும் பத்துப் பேரில் நான்கு பேர் அடிமைகள். மாசசூசெட்ஸில் ஒருவர்கூட இல்லை. அடிமைகளைச் சேர்த்து எண்ணினால் தெற்கு பெரியது, விட்டுவிட்டு எண்ணினால் சிறியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிமைக்கு வாக்கு உண்டா இல்லையா என்பது பற்றி அந்த மாநாட்டில் தகராறே இல்லை. வாக்கு இல்லை என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டிருந்தார்கள். வாக்கில்லாத அந்த மனிதரின் தலையைக் காட்டி அவருடைய எஜமானின் மாநிலம் எத்தனை இடங்கள் பெறலாம் என்பதே தகராறு.

பின்னம் எங்கிருந்து வந்தது?

3/5 என்ற எண்ணை மாநாட்டில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது நான்கு ஆண்டுகள் பழைய எண். 1783ல் பழைய காங்கிரஸ், போர்ச் செலவுகளை மாநிலங்களிடையே எப்படிப் பங்கிடுவது என்று யோசித்தது. நிலத்தின் மதிப்பை வைத்துப் பங்கிடுவது நடைமுறையில் முடியவில்லை. ஆள் கணக்கில் பங்கிடலாம் என்றார்கள். உடனே தென்மாநிலத்தார், 'அடிமைகளை முழுதாக எண்ணாதீர்கள், அவர்கள் சுதந்திரமான உழைப்பாளிகளைப் போல உற்பத்தி செய்வதில்லை' என்றார்கள். வடக்கத்தியரோ முழுதாக எண்ணச் சொன்னார்கள். பாதி என்றார்கள், முக்கால் என்றார்கள். கடைசியில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் 3/5 என்று சொல்ல, அதில் நின்றது. அந்தத் திட்டத்துக்கு எல்லா மாநிலங்களின் ஒப்புதலும் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. ஆனால் எண் மட்டும் எல்லோருக்கும் பழகிவிட்டது.

ஆக, வரி கட்ட வேண்டிய நேரத்தில் அடிமைகளைக் குறைத்து எண்ணச் சொன்ன அதே மாநிலங்கள், நாற்காலி பங்கிடும் நேரத்தில் முழுதாக எண்ணச் சொல்லி வந்து நின்றன. வடமாநிலங்களும் அதுபோலவே திரும்பி நின்றன. நம் ஊரில் சொத்துப் பிரிக்கும்போது, நிலத்துக்குக் கடன் இருக்கிறது என்றால் 'எனக்கு வேண்டாம்' என்பவர், விலை ஏறியதும் 'அதில் எனக்கும் பங்குண்டு' என்று வருவார் அல்லவா, அதைப் போலத்தான்.

1787 ஜூன் 11 அன்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் இந்தப் பழைய எண்ணைப் பிரதிநிதித்துவத்துக்கும் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி எதிர்த்தார். தெற்கில் அடிமைகள் சொத்து என்றால், வடக்கில் மாடும் குதிரையும்கூடச் சொத்துதானே, அவற்றை ஏன் எண்ணக் கூடாது என்பது அவர் கேள்வி. நியூ ஜெர்சியின் வில்லியம் பேட்டர்சனும் ஏறத்தாழ இதையே கேட்டார். சொந்த மாநிலத்தின் சட்டசபைத் தேர்தலில் அடிமைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காதவர்கள், தேசிய சபையில் மட்டும் ஏன் எடுக்க வேண்டும் என்றார்.

தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லரும் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னியும் மறுபக்கம் நின்றார்கள். அடிமையின் உழைப்பும் சுதந்திரமானவரின் உழைப்பும் நாட்டுக்கு ஒரே மதிப்புள்ளவை, ஆகவே முழுதாக எண்ண வேண்டும் என்பது பட்லரின் வாதம். ஜூலை 11 அன்று இது வாக்கெடுப்புக்கு வந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா, டெலவேர் ஆகிய மூன்று மட்டும் ஆதரித்தன. 7 மாநிலங்கள் எதிர்த்தன. அன்று 3/5 தீர்மானமும் தோற்றது. மறுநாள் வட கரோலினாவின் வில்லியம் டேவி எழுந்து, குறைந்தபட்சம் 3/5 தராவிட்டால் தன் மாநிலம் ஒருபோதும் இந்த ஒன்றியத்தில் சேராது, இந்த வேலை இத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஜூலை 12 அன்றே சமரசம் ஏற்பட்டது. பிரதிநிதித்துவத்தோடு நேரடி வரியையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். அதிக இடம் வாங்கும் மாநிலம் அதே விகிதத்தில் அதிக வரியும் கட்ட வேண்டும். பார்வைக்கு நியாயமான பேரம்.

அந்த மாநாட்டில் இதைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் பென்சில்வேனியாவின் கவர்னர் மாரிஸ். 'கவர்னர்' என்பது அவருடைய பெயர், பதவியன்று. ஆகஸ்ட் 8 அன்று அவர் கேட்டதன் சாரம் இது: எந்தக் கொள்கையின்படி அடிமைகளை எண்ணுகிறீர்கள்? அவர்கள் மனிதர்களா? அப்படியானால் குடிமக்களாக்கி வாக்குரிமை கொடுங்கள். சொத்தா? அப்படியானால் வேறு எந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை? இந்த பிலடெல்ஃபியாவின் வீடுகள், தென் கரோலினாவின் வயல்களில் உள்ள அடிமைகள் அத்தனை பேரையும்விட விலை மதிப்புள்ளவையாயிற்றே! அதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை அவர்களது உறவுகளிடமிருந்து பறித்துக் கொண்டுவந்து கொடிய அடிமைத்தனத்தில் தள்ளுகிறவருக்கு, அப்படிச் செய்ய மனம் ஒப்பாத பென்சில்வேனியாக்காரரைவிட அதிக வாக்கு கிடைக்கும் என்று விளக்கினார்.

பின்னத்தின் பொருளை இதைவிடத் தெளிவாக அதன் பின் யாரும் சொல்லவில்லை என்பது என் கருத்து. மாரிஸின் திருத்தம் தோற்றது. சட்டத்தின் இறுதி வாசகத்தைச் செம்மைப்படுத்தி எழுதும் பணி அவரிடமே வந்தது என்பது வேடிக்கை.

அந்த வாசகத்தில் 'அடிமை' என்ற சொல் எங்கும் கிடையாது. சுதந்திரமானவர்களின் முழு எண்ணிக்கையோடு 'மற்ற எல்லா நபர்களிலும்' ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும் என்றே எழுதினார்கள். தப்பியோடிய அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவிலும், 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யக் கூடாது என்ற பிரிவிலும் இதே மறைப்பு. மனிதர்கள் மீது சொத்துரிமை உண்டு என்ற எண்ணத்தைச் சட்டத்தில் ஏற்றுக்கொள்வது தவறு என்று மாநாட்டில் சொன்ன மேடிசனே அடிமைகளை வைத்திருந்தவர். பொருளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மறைத்தார்கள். 'அடிமைத்தனம்' என்ற சொல் அந்தச் சட்டத்தில் முதன்முதலாக வந்தது 1865ல், அதை ஒழித்த 13வது திருத்தத்தில்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1790 கணக்கெடுப்புக்குப் பிறகு 33,000 பேருக்கு ஓர் இடம் என்று நிர்ணயித்தார்கள். மீதியை விட்டுவிடுவது வழக்கம். இப்போது இரண்டு மாநிலங்களை மட்டும் அருகருகே வைப்போம். பென்சில்வேனியாவில் சுதந்திரமான மக்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 31 ஆயிரம். வர்ஜீனியாவில் ஏறத்தாழ 4 லட்சத்து 55 ஆயிரம். பெரிய வேறுபாடில்லை. 33,000ஆல் வகுத்தால் இரண்டுக்குமே 13 இடங்கள்தான் வரும். பென்சில்வேனியாவுக்குக் கிடைத்தது 13. வர்ஜீனியாவுக்குக் கிடைத்ததோ 19.

மேல்வாரியாக வந்த அந்த ஆறு இடங்களும் வர்ஜீனியாவின் 2,92,627 அடிமைகளின் பெயரால் வந்தவை. அந்த இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்குள்ள நிலமுடைய வெள்ளையர்கள். மேரிலாண்ட், வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, கென்டக்கி ஆகிய ஆறு மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால், 105 பேர் கொண்ட சபையில் அவற்றுக்கு 47 இடங்கள். சுதந்திரமானவர்களை மட்டும் எண்ணியிருந்தால், அதே விகிதத்தில் 33. முழுதாக எண்ணியிருந்தால் 47ஐயும் தாண்டியிருக்கும். ஆகவே 3/5 என்பது அடிமையின் மனிதத்தன்மையை அளந்த அளவுகோல் என்பதைவிட, அவனுடைய எஜமானுக்குக் கொடுத்த உபரி அதிகாரத்தின் அளவு என்று சொல்வதே பொருத்தம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அன்று வாக்கில்லையே, அவர்களை முழுதாக எண்ணினார்களே, அது மட்டும் சரியா? பெண்களுக்கு வாக்கு மறுத்தது சரியென்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. தன் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் எண்ணி இடம் பெற்றவர், அவர்களை விற்பதற்கும் பூட்டுவதற்கும் சட்டம் இயற்ற அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை. அடிமைகளின் பெயரால் வந்த இடமோ, அடிமைகளை அடிமைகளாகவே வைத்திருக்கப் பயன்பட்டது. இன்னொன்று, சுதந்திரமான கறுப்பர்கள் முழுதாகவே எண்ணப்பட்டார்கள். வட கரோலினாவில் 1835 வரை அவர்களில் தகுதியுள்ள ஆண்கள் வாக்கும் அளித்தார்கள். பின்னம் ஒட்டிக்கொண்டிருந்தது தோலின் நிறத்தோடு அன்று, அடிமைத்தளையோடு.

ஓர் ஆலிமும் அவருடைய எஜமானும்

மாரிஸ் எச்சரித்தது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1808ல் இறக்குமதிக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்த தென் கரோலினா, 1803 இறுதியில் அடிமை வாணிபத்தைச் சட்டப்படி மீண்டும் திறந்துவிட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். 1807ல் அங்கே வந்திறங்கியவர் உமர் இப்னு ஸயீத்.

உமர் இன்றைய செனகல் பகுதியைச் சேர்ந்த ஃபூட்டா டோரோவில் பிறந்தவர். 25 ஆண்டுகள் கல்வி கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். சார்ல்ஸ்டனில் அவரை வாங்கிய கொடியவனிடமிருந்து தப்பி, வட கரோலினாவின் ஃபாயெட்வில் ஊரில் ஒரு வழிபாட்டு வீட்டுக்குள் தொழப் போனபோது பிடிபட்டார். 16 நாட்கள் சிறையில் இருந்தார். சிறைச் சுவரில் கரியால் அரபு எழுத்துகளை எழுதி ஊராரைத் திகைக்க வைத்தார் என்பது அங்கே வழங்கிவரும் செய்தி. பிறகு ஜேம்ஸ் ஓவன் என்பவர் அவரை விலைக்கு வாங்கினார். கடைசிவரை உமருக்கு விடுதலை கிடைக்கவில்லை. 1831ல் அரபியில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்தபடியே ஒருவர் அரபியில் எழுதிய தன்வரலாறு என்பதால் அந்தக் கைப்பிரதிக்குத் தனி மதிப்பு. 2017ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை வாங்கிப் பாதுகாக்கிறது. உமர் அதை சூரா அல்-முல்க்கை எழுதித் தொடங்குகிறார். ஆட்சியும் உடைமையும் யார் கையில் என்று தொடங்கும் அத்தியாயத்தை, இன்னொருவரின் 'உடைமை'யாக இருந்த மனிதர் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் நம் தலைப்போடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. அந்த ஜேம்ஸ் ஓவன் 1817 முதல் 1819 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வட கரோலினாவின் உறுப்பினர். அவருடைய சகோதரர் ஜான் ஓவன் பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநரானார். 1810 கணக்கெடுப்பின்படி வட கரோலினாவில் 1,68,824 அடிமைகள். அந்த மாநிலத்துக்குக் கிடைத்தவை 13 இடங்கள். அடிமைகளைச் சேர்க்காமல் எண்ணியிருந்தால் 11 இடங்கள்தான். எஜமான் சபையில் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டில் வேலை செய்த ஆலிமைப் போன்றவர்களின் தலைகள் அந்தச் சபையில் அவர் மாநிலத்தின் பலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கும்போது, நம் வரலாற்றில் அடிமை முறையே இருந்ததில்லை என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முஸ்லிம் ஆட்சிகளிலும் அது இருந்தது, அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு. இங்கே நாம் பார்ப்பது, மக்களாட்சி என்ற பெயரில் எழுதப்பட்ட ஒரு சட்டம், வாக்கில்லாதவரை எண்ணி அவரை ஒடுக்குகிறவருக்கு வலுச்சேர்த்த விதத்தை.

ஜனாதிபதி நாற்காலி வரை

ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமே என்ற யோசனையும் மாநாட்டில் வந்தது. அதுவே சிறந்த முறை என்று மேடிசனும் ஒப்புக்கொண்டார். ஆனால் வாக்குரிமை உள்ளவர்கள் வடக்கில் அதிகம், தெற்கு தன் அடிமைகளால் அந்தத் தேர்தலில் எந்தப் பயனும் பெற முடியாது என்று ஜூலை 19 அன்று வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் 'தேர்வாளர்கள்' முறை வந்தது. பிரதிநிதிகள், செனட்டர்கள் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகை எவ்வளவோ, ஒரு மாநிலத்துக்கு அத்தனை தேர்வாளர்கள். இதற்கு வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும், பின்னத்தின் உபரி இந்த வழியாக ஜனாதிபதி தேர்தலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

1800 தேர்தலில் வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்குகள். மாசசூசெட்ஸின் ஜான் ஆடம்ஸுக்கு 65. வேறுபாடு 8. ஜெஃபர்சனுக்குக் கிடைத்தவற்றில் ஏறத்தாழ 12 வாக்குகள் அடிமைகளை எண்ணியதால் வந்தவை என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணக்கு. அடிமைகளை ஒருநாளும் சொந்தமாக வைத்திராத ஆடம்ஸ் தோற்றார், நூற்றுக்கணக்கானவர்களை வைத்திருந்த ஜெஃபர்சன் வென்றார். எதிர்க்கட்சியினர் அவரை 'நீக்ரோ ஜனாதிபதி' என்று ஏளனம் செய்தது இதனால்தான். மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். ஜெஃபர்சன் கட்சிக்கே பெரும் ஆதரவிருந்த பென்சில்வேனியாவில், சட்டசபைச் சண்டையால் வாக்குகள் 8க்கு 7 என்று பிரிந்து போயின. அங்கே அவர் இழந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு.

ஒரு தேர்தலைவிட நீண்டகாலப் போக்கே கண்ணைத் திறக்கிறது. 1789 முதல் 1825 வரையான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் ஜனாதிபதிகளாக இருந்தவர்கள் வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன், மன்ரோ. நால்வரும் வர்ஜீனியாக்காரர்கள், நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பது ஜனாதிபதியும் செனட்டும்தான் என்பதால், இதன் நிழல் நீதிமன்றத்திலும் விழுந்தது. 1857ல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ராஜர் டேனி, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் இந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தார். இடங்களுக்காக அவர்களை எண்ணிக்கொண்டே!

சபை வாக்கெடுப்புகளிலும் இது எதிரொலித்தது. 1820ல் மிசூரியை அடிமை மாநிலமாக ஏற்பதா என்ற கேள்வியில், அடிமை முறைக்குத் தடை வேண்டும் என்ற நிபந்தனை 90க்கு 87 என்ற கணக்கில் கைவிடப்பட்டது. பூர்வகுடிகளை அவர்களது நிலத்திலிருந்து மேற்கே துரத்த வழிவகுத்த 1830ஆம் ஆண்டுச் சட்டம் 102க்கு 97 என்ற கணக்கில் நிறைவேறியது. அன்றைய சபையில் தெற்கின் உபரி இடங்கள் ஏறத்தாழ இருபது. இந்த வாக்கெடுப்புகளில் வடக்கத்தியர் சிலரும் தெற்கோடு சேர்ந்துதான் வாக்களித்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உபரி இல்லாமலிருந்தால் அந்தச் சிலர் போதியிருக்க மாட்டார்கள்.

திருத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். முயன்றார்கள். 1804ல் மாசசூசெட்ஸ் ஒரு திருத்தத்தை முன்வைத்தது. 1814 இறுதியில் ஹார்ட்ஃபர்டில் கூடிய வடகிழக்கு மாநிலத்தார் கேட்ட ஏழு திருத்தங்களில் முதலாவது, சுதந்திரமானவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது. அவர்களுக்கு அடிமைகள் மீதிருந்த இரக்கத்தைவிடத் தங்கள் வணிக நலன் மீதிருந்த கவலையே அதிகம். போர் முடிந்ததும் அந்தக் கூட்டத்தையே நாடு கேலி செய்து மறந்தது. திருத்தம் செய்ய இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். பின்னத்தால் பயன்பெறுகிறவர்கள் சம்மதிக்காமல் பின்னத்தை நீக்க முடியாதபடி பூட்டு போடப்பட்டிருந்தது.

வடக்குக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட நேரடி வரி என்னவாயிற்று? 1798, 1813, 1815, 1816 ஆகிய ஆண்டுகளில் விதித்தார்கள். அதன் பிறகு உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 வரை இல்லவே இல்லை. அரசின் செலவு பெரும்பாலும் சுங்க வரியில் ஓடியது. ஆக, தெற்குக்கு இடங்கள் ஒவ்வொரு நாளும் கிடைத்தன. அதற்கான விலையை எப்போதோ சில தடவை கொடுத்தார்கள்.

முழுதாக எண்ணிய பிறகு

குடியேற்றத்தால் வடக்கின் மக்கள்தொகை பெருகி, 1850களில் பிரதிநிதிகள் சபையில் அதன் கை ஓங்கிவிட்டது. தெற்கு பிரிந்தது, போர் நடந்தது, 1865ல் அடிமைத்தனம் ஒழிந்தது. அப்போதுதான் எவரும் எதிர்பாராத ஒரு கணக்கு தலைகாட்டியது. அடிமையே இல்லை என்றால் 3/5 என்ற பின்னமும் இல்லை. விடுதலையான 40 லட்சம் பேரும் இனி முழு எண்கள். தோற்றுப்போன தெற்குக்கு, அவர்களில் ஒருவருக்கும் வாக்குரிமை தராமலேயே, பத்துக்கும் மேற்பட்ட இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்!

இதைத் தடுக்கவே 1868ல் நடைமுறைக்கு வந்த 14வது திருத்தத்தில் இரண்டாம் பிரிவைச் சேர்த்தார்கள். 21 வயது நிரம்பிய ஆண் குடிமக்களுக்கு எந்த மாநிலம் வாக்குரிமை மறுக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் இடங்கள் குறைக்கப்படும். 1870ல் 15வது திருத்தம் இன அடிப்படையில் வாக்கை மறுப்பதையே தடை செய்தது. சில ஆண்டுகள் தெற்கில் கறுப்பர்கள் வாக்களித்தார்கள், காங்கிரஸுக்கும் தேர்வானார்கள்.

அதன் பிறகு 1890ல் மிசிசிப்பி புதிய மாநில அரசியலமைப்பை எழுதியது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், சட்டத்தைப் படித்து விளக்கிக்காட்ட வேண்டும். இனம் என்ற சொல்லே அந்த விதிகளில் இருக்காது, ஆனால் வேலை நடந்துவிடும். 1787ல் 'அடிமை' என்ற சொல்லை மறைத்த அதே கைப்பழக்கம். மற்ற தென்மாநிலங்களும் தொடர்ந்தன. லூசியானாவில் 1896ல் 1,30,000க்கும் மேற்பட்ட கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1904ல் எஞ்சியவர்கள் 1,342 பேர். அதே காலத்தில் பிரதிநிதிகள் சபையில் லூசியானாவின் இடங்கள் 6லிருந்து 7 ஆயின, 1910 கணக்கெடுப்புக்குப் பிறகு 8 ஆயின. 14வது திருத்தத்தின் இரண்டாம் பிரிவைக் கொண்டு எந்த மாநிலத்தின் ஓர் இடத்தைக்கூட இன்றுவரை குறைத்ததில்லை.

நம் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது இந்தக் காலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1890 முதல் 1965ல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, கறுப்பர்கள் ஐந்தில் ஐந்து பங்காக, முழு மனிதர்களாக எண்ணப்பட்டார்கள். அவர்களை வாக்குச்சாவடிக்குள் விடாதவர்களுக்கு, 3/5 காலத்தைவிட அதிகமான ஆதாயம் கிடைத்தது.

இன்றும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் சிறைக் கைதிகள் சொந்த ஊரில் எண்ணப்படுவதில்லை, சிறை இருக்கும் ஊரில்தான் எண்ணப்படுகிறார்கள். சிறைகள் பல நாட்டுப்புறங்களில் இருக்கின்றன, கைதிகளில் பெரும்பங்கினர் நகரங்களிலிருந்து வந்தவர்கள். கறுப்பர்களின் விகிதம் அவர்களிடையே மிக அதிகம். தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும்போதே வாக்களிக்கலாம் என்று சொல்லும் மாநிலங்கள் மெயின், வெர்மான்ட் இரண்டு மட்டுமே. நியூயார்க்கும் மேரிலாண்டும் 2010ல் சட்டம் இயற்றி, தொகுதி பிரிக்கும்போது கைதிகளை அவர்களது சொந்த ஊர்க் கணக்கில் சேர்க்கத் தொடங்கின. பிறகு வேறு சில மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. மற்ற இடங்களில் பழைய கணக்கே நடக்கிறது.